காதலன் பட கவர்னரும் என் மகளின் கன்னடமும்

கிரீஷ் கர்னாட் என்றால் ஊரில் இருக்கும் என் அண்ணனுக்குத் தெரியாது. "காதலன் படத்துல நக்மாவுக்கு அப்பாவா, கவர்னரா வருவாரே" என்றால் உடனே தெரியும். பெங்களூருக்கு மூட்டை கட்டி வரும்வரை எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

2005ல் ஆபீஸ் நண்பர் ஒருவர் ஜே.பி. நகர் ரங்கசங்கராவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். நாடகத்தின் பெயர் 'ஒடகலு பிம்ப'. மேடையில் அருந்ததி நாக் மட்டும்தான். அதுவரை கன்னடத்தில் எழுதிவந்த ஒரு பெண், ஆங்கிலத்தில் நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றுவிடுகிறாள். டி.வி. ஸ்டூடியோவில் பேசி முடித்துக் கிளம்பும்போது, திரையில் இருக்கும் அவளுடைய பிம்பமே அவளைக் குறுக்கு விசாரணை செய்ய ஆரம்பிக்கிறது. எனக்குப் பாதி வசனம் புரியவில்லை. ஆனால் "உன் மொழியை ஏன் விட்டாய்?" என்ற கேள்வி மட்டும் நன்றாகப் புரிந்தது. அன்றிலிருந்துதான் இந்த மனிதரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கர்னாட் 1938ல் மாத்தேரானில் பிறந்தவர். வீட்டில் பேசியது கொங்கணி. சிறு வயதில் சிர்சியில் யட்சகானமும் கம்பெனி நாடகங்களும் பார்த்து வளர்ந்தார். தார்வாடில் கணிதம் படித்து, 1960ல் ஸ்காலர்ஷிப்பில் ஆக்ஸ்ஃபோர்டு போனார். ஆங்கிலத்தில் பெரிய கவிஞனாக வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒரே கவலை. பையன் திரும்பி வருவானா, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிடுவானா? நம் வீடுகளில் விசா வந்ததும் கேட்கும் அதே பேச்சுதான். அந்த நெருக்கடியில் அவர் எழுத உட்கார்ந்தால், வந்தது ஆங்கிலக் கவிதை இல்லை. கன்னடத்தில் ஒரு நாடகம்! அதுதான் 'யயாதி'. அப்பாவின் முதுமையை வாங்கிக்கொண்டு தன் இளமையைக் கொடுக்கும் மகனின் கதை. தார்வாடின் மனோஹர கிரந்தமாலா 1961ல் அதை வெளியிட்டது.

திரும்பி வந்தவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில். 1963 முதல் 1970 வரை ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸில். பகலில் ஆபீஸ், மற்ற நேரத்தில் கன்னட எழுத்து. நாம் பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் எழுதுகிறோமே, அதன் மறுபக்கம் அவர்.

'துக்ளக்' 1964ல் வந்தது. துக்ளக் என்றால் நமக்குச் சோதான் நினைவுக்கு வருவார். சோவின் 'முகமது பின் துக்ளக்' 1968ல் வந்த அரசியல் நையாண்டி. கர்னாடின் துக்ளக் வேறு ஆள். நன்றாகப் படித்தவன், இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே நீதி வேண்டும் என்று நினைப்பவன். அந்த லட்சியத்துக்காகத் தலைநகரை டெல்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றுகிறான், செப்பு நாணயம் அடிக்கிறான். அவன் போடும் ஒவ்வொரு சட்டத்திலும் ஓட்டை கண்டுபிடித்துப் பிழைக்கிறான் அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி. கடைசியில் சுல்தான் கையில் மிஞ்சுவது கள்ள நாணயமும் பிணங்களும். நேரு காலத்துக் கனவுகள் கலைந்துகொண்டிருந்த நேரம் அது. பார்த்தவர்களுக்குப் பதினாலாம் நூற்றாண்டு தெரியவில்லை, தங்கள் காலம்தான் தெரிந்தது. கன்னடத்தில் சி.ஆர். சிம்ஹா துக்ளக்காக நடித்துப் பேர் வாங்கினார். டெல்லி புராணா கிலாவில் இப்ராஹிம் அல்காஸி இதை மேடையேற்றியது இன்றும் பேசப்படுகிறது.

அடுத்து 'ஹயவதன'. நமக்குப் பழக்கமான வேதாளக் கதைதான். நண்பர்கள் இருவருக்குத் தலை மாறிப் பொருந்திவிட்டால் யார் கணவன்? வேதாளம் "தலைதான்" என்று முடித்துவிடும். கர்னாட் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். 1988ல் வந்த 'நாகமண்டல', ஏ.கே. ராமானுஜன் சொன்ன நாட்டுப்புறக் கதையிலிருந்து பிறந்தது. மண்டல், மந்திர் என்று நாடு கொதித்த நேரத்தில், 1990ல், பசவண்ணரின் காலத்தை வைத்து 'தலெதண்ட' வந்தது. பிராமணப் பெண்ணுக்கும் செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பையனுக்கும் நடக்கும் கல்யாணம் ஒரு நகரத்தையே எரிக்கிறது. 1998ல் ஞானபீடம் கிடைத்தது. கடைசி நாடகம் தலைக்கோட்டைப் போரைப் பற்றிய 'ராக்ஷஸ தங்கடி'. 2019 ஜூன் 10 அன்று பெங்களூரில் காலமானார். சடங்கு வேண்டாம், அரசு மரியாதை வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். அப்படியே நடந்தது.

இத்தனையும் வீட்டில் பேசாத ஒரு மொழியில் எழுதியது. கன்னடத்தில் இது புதிதும் இல்லை. ராமானுஜன் மைசூர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழியும் தமிழ். கன்னட நகைச்சுவை நாடகத்தின் தாத்தா என்று கொண்டாடப்படும் டி.பி. கைலாசமும் தமிழ்க் குடும்பம்தான்.

இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தபோது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தோம். "வெளியே தமிழில் பேசாதே" என்று மகளிடம் சொன்னேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. அந்தப் பயம் எனக்குள் கசப்பாகத் தங்கிவிட்டது. பின்னால் பள்ளியில் மொழிப்பாடம் எடுக்கும் நேரம் வந்தபோது, "கன்னடம் எதுக்கு? பிரெஞ்சு எடு, மார்க் வரும்" என்றேன். அவள் கன்னடம்தான் என்று அழுது அடம்பிடித்தாள். கையெழுத்துப் போட்டேன், அரை மனசோடு.

போன மாதம் அவள் 'துக்ளக்' படித்துக்கொண்டிருந்தாள், கன்னடத்தில். தெரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்தி எனக்குத் தமிழில் சொன்னாள். அஜீஸ் வரும் இடங்களில் இருவரும் சிரித்தோம். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, பெயர்ப்பலகை படிக்கக்கூட நான் கற்றுக்கொள்ளவில்லை. இப்போது அவளிடம்தான் எழுத்துப் பழகுகிறேன். அவளோ, தமிழ் எழுத்தை எப்போது சொல்லித் தருவாய் என்று கேட்கிறாள். ஞாயிறு காலை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் எப்படி?