பேச்சும் பிழைப்பும்

தென் பிரான்சின் நீம் நகரில் 1923இல் பிறந்த ரொபேர் லாஃபோன், மோன்பெல்லியே பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர். அந்தப் பகுதியின் மொழியான ஒக்சிதானில் கவிதையும் நாவலும் நாடகமும் எழுதியவர். அதன் எழுத்துமுறையைச் செம்மைப்படுத்த உழைத்தவர். இப்படிப்பட்டவர் சுரங்கங்களையும் பிராந்திய அதிகாரங்களையும் பற்றி எழுதப் போனது தடம் மாறியதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் பல ஊர்ப் பள்ளிகளில், வீட்டுமொழியில் பேசிவிட்ட பிள்ளையின் கையில் ஒரு மரத்துண்டைத் திணிப்பார்கள். அடுத்து வாய்தவறும் பிள்ளையிடம் அது கைமாறும். மாலையில் யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. 1951இல் வந்த சட்டம் ஒக்சிதானை விருப்பப் பாடமாகக் கற்பிக்க இடம் கொடுத்தது. ஆனால் படித்த பிள்ளை வேலை தேடிப் பாரிஸுக்கு ரயிலேறிவிட்டால் யாரிடம் அதைப் பேசும்? ஊரில் இருந்த வேலையும் நிலைக்கவில்லை: 1961 டிசம்பரில் தென் பிரான்சின் தெக்காஸ்வில் நிலக்கரிச் சுரங்கத்தை மூடும் முடிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் சுரங்கத்துக்குள்ளேயே தங்கிவிட்டார்கள், கிறிஸ்துமஸும் நிலத்தடியில்தான். இரண்டு மாதங்களுக்கு மேல் போராடியும் முடிவு மாறவில்லை. அரசுடைமையான அந்தச் சுரங்கத்தின் தலையெழுத்து பாரிஸில் எழுதப்பட்டது. லாஃபோன் இதை உள்நாட்டுக் காலனியம் என்றார். மொழியை இழப்பதும் பிழைப்பை இழப்பதும் ஒரே அதிகாரக் குவிப்பின் விளைவு என்பதே 1967இல் வெளியான அவரது ‘பிராந்தியவாதப் புரட்சி’ நூலின் அடிநாதம்.

பிராந்தியப் பற்று குடியரசுக்கு எதிரானது, நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசும் அதைத்தானே போற்றியது என்று கேட்டவர்கள் உண்டு. விஷி அரசு நாட்டுப்புற உடைகளையும் பழைய மாகாணங்களையும் புகழ்ந்தது உண்மை. அதே அரசுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்ட மன்றங்களை முடக்கியது. 2,000 பேருக்கு மேல் வசித்த ஊர்களின் மேயர்களைத் தானே நியமித்தது. தன்னாட்சி இல்லாத பண்பாட்டுப் பெருமை வெறும் அலங்காரம் என்ற லாஃபோனின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இன்னொரு மறுப்பு கனமானது. 1982இல் அதிகாரப் பரவல் சட்டம் வந்தது, 1986இல் பிராந்திய மன்றங்களுக்கு முதல் நேரடித் தேர்தலும் நடந்தது. ஆனாலும் ஒக்சிதான் பேசுவோர் குறைந்துகொண்டேதானே போனார்கள்? பெற்றோர் பிள்ளைகளிடம் அதைப் பேசுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மன்றங்களுக்குக் கிடைத்தது என்ன? சட்டம் இயற்றும் உரிமை இல்லை. பாடத்திட்டம் கல்வி அமைச்சகத்திடமே தங்கியது. லாஃபோன் 2009இல் மறைந்த பிறகும் நிலைமை மாறவில்லை. 2016இல் நீம் நகரம் அடங்கிய பிராந்தியத்தைப் பக்கத்துப் பிராந்தியத்தோடு இணைத்தது பாரிஸ் நாடாளுமன்றம் போட்ட கோடு. பெயரை மட்டும் மக்களிடம் கேட்டார்கள். ‘ஒக்சித்தானி’ என்ற பெயர் முதலிடம் பிடித்தது.