காங்கோ, கோதாவரி, நம்ம ஊர்க் குரங்கு

பரீட்சை முடிந்ததும் ஒகேனக்கல் போயிருந்தோம். என் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை ஒரு குரங்கு பறித்துக்கொண்டு ஓடியது. கூட வந்தவன்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அந்தக் கடுப்பில் குரங்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து ஆப்பிரிக்கா வரை போய்விட்டேன். :-)

அங்கே காங்கோ ஆற்றுக்கு வடக்கே சிம்பன்சி, தெற்கே பொனொபோ. இரண்டுக்குமே நீந்த வராது. ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே வம்சமாக இருந்தவை ஆற்றின் இரு கரைகளில் வேறு வேறாகிப் போயின. சிம்பன்சிக் கூட்டத்தில் ஆண்களின் ராஜ்ஜியம். பக்கத்துக் கூட்டத்தோடு அடிதடி, சில சமயம் கொலையும் நடக்கும். பொனொபோவிலோ பெண்கள் ஒன்றுசேர்ந்து ஆண்களை அடக்கிவிடும். மகனுக்குக் கிடைக்கும் மரியாதைகூட அம்மாவைப் பொறுத்துத்தான்! வேற்றுக் கூட்டம் எதிரே வந்தால் சேர்ந்து உட்கார்ந்து தின்பதும் உண்டு. 1929 வரை இதைத் தனியாக யாரும் அடையாளம் காணவில்லை. பெல்ஜியத்தில் ஒரு அருங்காட்சியகத்தில் கிடந்த மண்டையோட்டைப் பார்த்து எர்ன்ஸ்ட் ஷ்வார்ட்ஸ் சந்தேகத்தைக் கிளப்பினார். 1933இல் ஹரால்ட் கூலிட்ஜ் இது தனி இனம்தான் என்றார்.

இதற்கும் தர்மபுரிக்கும் என்ன சம்பந்தம்? பொனொபோ வாலில்லாத மனிதக்குரங்கு. என் கடலையைத் தின்றது, உச்சந்தலையில் குல்லாய் போல மயிர் படிந்த நாட்டுக்குரங்கு. ஆனால் இதற்கும் ஒரு ஆற்றுக் கதை இருக்கிறது. இது தீபகற்ப இந்தியாவுக்கே உரியது. வடக்கே இருப்பது செம்முகக் குரங்கு, அதாவது ரீசஸ். தபதியும் கோதாவரியும்தான் இரண்டுக்கும் நடுவே பழைய எல்லை.

ரீசஸ் கூட்டத்தில் மேல் கீழ் பார்ப்பது அதிகம். நாட்டுக்குரங்கில் வளர்ந்த ஆண்களே ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்காரும், பேன் பார்த்துவிடும். பால் சைமண்ட்ஸ் 1960களிலேயே தென்னிந்தியாவில் இவற்றைக் கவனித்து எழுதியிருக்கிறார். அவசரப்பட்டு, "கோதாவரிதான் இந்தக் குணத்தைத் தந்தது" என்று எழுத இருந்தேன். தப்பு. நாட்டுக்குரங்குக்கு நெருங்கிய சொந்தம் ரீசஸ் அல்ல, இலங்கையின் செங்குரங்கு. குரங்குகளுக்கு நீந்தவும் தெரியும். கோதாவரி பிரிக்கவில்லை, காவல்தான் காத்தது.

அந்தக் காவலும் இப்போது இல்லை. ரீசஸ் கோதாவரியைத் தாண்டித் தெற்கே பரவி, நாட்டுக்குரங்கின் இடத்தைப் பிடித்துவருவதை 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொல்லை என்று ஓரிடத்தில் பிடித்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய் விடுகிறோமே, அதில் நம் பங்கும் உண்டு. ரீசஸ் வராத இடத்திலும் நிலைமை சரியில்லை. மைசூர்ப் பக்கம் சாலையோரங்களில் 25 ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டதாக 2017இல் வந்த ஆய்வு சொல்கிறது. சாலையோர ஆலமரங்கள் போனது ஒரு பெரிய காரணம்.

தாத்தாவிடம் சொன்னேன். "நம்ம ரோட்டுப் புளியமரத்துல எவ்வளவு குரங்கு இருக்கும் தெரியுமாடா" என்றார். அந்த ரோட்டில் இப்போது மரமே இல்லை.