32 மில்லிமீட்டர் வாசல்

பறவைக்கென்று மனிதன் செய்து மாட்டிய வீடுகளில் பழைய வகை ஒன்று, குஞ்சைப் பிடித்துத் தின்பதற்காகச் செய்யப்பட்டது. சில நூற்றாண்டுகளுக்கு முன்பு ஹாலந்து, பெல்ஜியம் பக்கத்தில் வீட்டுச் சுவர்களில் சுட்ட மண் குடுவைகளைப் படுக்கை வசமாக மாட்டினார்கள். முன்பக்கம் குடுவையின் கழுத்து; சிட்டுக்குருவியோ, நம் மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங்கோ நுழைகிற அளவு. பின்பக்கம், சுவரோடு ஒட்டி மறைந்திருக்கும் இடத்தில், ஆள் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பறவை நம்பி வந்து முட்டையிடும். குஞ்சு கொழுத்ததும் வீட்டுக்காரர் குடுவையைக் கழற்றி, பின்வாசல் வழியாகக் கையை விடுவார். அன்றைக்கு அடுப்பில் குருவிக் கறி. இங்கிலாந்திலும் இந்தக் குடுவை புழங்கியது. வயலில் தானியம் தின்னும் குருவி குறைந்தால் நல்லதுதானே என்ற சமாதானமும் அங்கே சேர்ந்துகொண்டது.

இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பூவும் பட்டாம்பூச்சியும் வரைந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கூட்டுப் பெட்டிக்கு இப்படி ஒரு மூதாதை. பெட்டி அன்று முதல் எத்தனையோ கை மாறிவிட்டது. பறவைக்கு அதில் எது வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. ஆட்கள் அதைக் கவனித்த இடத்தில் பெட்டி நிறைந்தது, கவனிக்காத இடத்தில் காலியாகத் தொங்கியது.

இஸ்தான்புல்லில் கதை வேறு. உதுமானியர் காலத்து மசூதிகளின் வெளிச்சுவரில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், கல்லில் செதுக்கிய குட்டி மாளிகைகள் உண்டு. உஸ்குதார் பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த அயாஸ்மா மசூதியில் உள்ளவை பெயர் பெற்றவை. கூம்பு கோபுரம், மாடம், சாளரம் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. இவ்வளவு அலங்காரம் குருவிக்கு எதற்கு என்று கேட்கலாம். அலங்காரம் தெருவில் போகிறவருக்கு. குருவிக்காகச் செய்தது வேறு: வெயில் கிடைக்கிற, கடுங்காற்று அடிக்காத சுவராகப் பார்த்து, பூனை எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பின்பக்கம் கை விட வழியும் இல்லை. அழகும் பயனும் சண்டை போடாமல் ஒரே சுவரில் இருந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் சாக்டா, சிக்கசா பழங்குடியினர் சுரைக்குடுவையைக் காயவைத்துக் குடைந்து, கம்பில் கட்டித் தொங்கவிட்டார்கள். பர்ப்பிள் மார்ட்டின் என்ற தகைவிலான் அதில் குடியேறியது. பின்னால் வந்த வெள்ளைக்காரர்களும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பறவை ஓவியர் ஆடுபன், நாட்டுப்புறச் சத்திரங்களின் பெயர்ப்பலகை மேலேயே மார்ட்டின் பெட்டி இருக்கும் என்றும், பெட்டி எவ்வளவு நேர்த்தியோ சத்திரமும் அவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார். இன்று அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இந்தப் பறவை கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மனிதர் வைக்கும் குடுவையையும் பெட்டியையும் நம்பியே குஞ்சு பொரிக்கிறது. விருந்தோம்பல் இந்த அளவுக்குப் போனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஒரு தலைமுறை மாட்ட மறந்தால் என்ன ஆகும்?

ஐரோப்பாவில் பெட்டியின் குணம் மாறியது 19ஆம் நூற்றாண்டில். யார்க்‌ஷயரில் வால்டன் ஹால் என்ற பண்ணையின் சொந்தக்காரர் சார்ல்ஸ் வாட்டர்டன். 1813 வரை அங்கே கூகைக்குப் போதாத காலம். அது அலறினால் சாவு என்று, நம் ஊர்க் கிழவிகளைப் போலவே, அவருடைய வேலைக்காரர்களும் நம்பினார்கள்; கண்டால் சுட்டார்கள். வாட்டர்டன் பாழடைந்த வாயிற்கோபுரத்தின் மேல் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கூகைக்கு ஒரு மாடம் கட்டினார். இனி அதைத் தொட்டால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்று காவல்காரனை மிரட்டவும் செய்தார். ஒரு மாதம் போல் ஆனதும் ஒரு ஜோடி வந்து சேர்ந்தது. தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை. வந்து இருக்கட்டும் என்று மட்டும் வைத்த வீடு.

ஆனால் பெட்டியை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர் ஜெர்மானியப் பிரபு ஹான்ஸ் ஃபான் பெர்லெப்ஷ். துரிங்கியாவில் ஸேபாக் என்ற இடத்தில் அவருடைய தோட்டமும் காடும். தச்சன் கைக்கு வந்தபடி செய்த பெட்டிகளைப் பறவைகள் ஏன் ஒதுக்குகின்றன என்று அவர் யோசித்தார். மரங்கொத்தி குடைந்து கைவிட்ட பொந்தில்தான் பல சிறு பறவைகள் வாழ்கின்றன. அப்படியானால் பொந்தையே கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று, பொந்துள்ள மரங்களை வெட்டிப் பிளந்து பார்த்தார். உள்ளே வடிவம் ஏறத்தாழ ஒன்றே: வாசலில் குறுகி, கீழே அகன்று, அடியில் குழிந்து, புட்டியைப் போல. அதே வடிவத்தைப் பட்டை உரிக்காத மரக்கட்டையில் இயந்திரத்தால் குடைந்து எடுத்தார். வண்ணம் கிடையாது, கூம்பு கிடையாது, ஜன்னல் கிடையாது. பறவைகள் வந்தன. 1905இல் ஹைனிச் காட்டில் ஓக் மர இலைகளைப் புழு மொட்டையடித்தபோது, அவருடைய காடு மட்டும் பச்சையாக நின்றது என்று அவர் பக்கத்தார் பெருமையோடு எழுதினார்கள். சொந்தக்காரர்கள் சொன்ன கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். ஆனாலும் அதற்குப் பிறகு கூட்டுப் பெட்டி வனத்துறைக்காரர்களின் கருவியாகிவிட்டது.

பிள்ளைகள் கைக்கு அது வந்தது அமெரிக்காவில். 1894 மே மாதம் பென்சில்வேனியாவின் ஆயில் சிட்டியில், பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்த சார்ல்ஸ் பாப்காக் பறவை நாள் ஒன்றைக் கொண்டாட வைத்தார். 1916இல் ஆல்பர்ட் சீபர்ட், பையன்கள் கட்டக்கூடிய பறவை வீடுகள் பற்றி ஒரு கைத்தொழில் புத்தகமே போட்டார். ரம்பம் பிடிக்கவும் ஆணி அடிக்கவும் பழக்கிக்கொடுப்பதற்குப் பறவை வீடு நல்ல சாக்கு. ரஷ்யாவிலும் வசந்தம் வரும்போது பள்ளிப் பிள்ளைகள் ஸ்டார்லிங் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மரம் ஏறினார்கள்.

இந்த இடத்தில் நம் சிட்டுக்குருவி கதைக்குள் வில்லனாக நுழைகிறது. மரங்களில் புழு ஒழிய வேண்டும் என்று 1851, 52இல் நியூயார்க்கின் புரூக்ளினுக்கு இங்கிலாந்திலிருந்து குருவிகளைக் கப்பலில் வரவழைத்தார்கள். பூங்காக்களில் அவற்றுக்கு மர வீடுகூட வைத்துக் கொடுத்தார்கள். குருவி பெருகியது, அந்த நாட்டு நீலக்குருவிக்கு வைத்த பெட்டிகளில் புகுந்து, இருந்தவர்களைக் கொத்தி விரட்டியது. 1889இல் அமெரிக்க வேளாண் துறை இந்தக் குருவிமேல் குற்றப்பத்திரிகை போல ஒரு தடித்த அறிக்கையே வெளியிட்டது. இன்றும் அங்கே பெட்டி வைக்கிறவர்கள் குருவி நுழையாமல் இருக்க வழி தேடுகிறார்கள். நாமோ அது நுழைய வேண்டும் என்று தவம் இருக்கிறோம்.

தமிழ்நாட்டில் சிட்டுக்குருவிக்குப் பெட்டி தேவைப்பட்டதே இல்லை, வீடே பெட்டி. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, வீட்டு இறவாரத்தில் குஞ்சுகளோடு தங்கும் குருவியை மாமலாடனார் குறுந்தொகையின் 46ஆம் பாடலில் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். நேற்று வரை அதுதான் நிலைமை. ஓட்டுச் சந்து, எரவாணம், சுவரில் சாய்த்து மாட்டிய தாத்தா படத்தின் பின்புறம், மின்சார மீட்டர் பெட்டி என்று எங்கும் வைக்கோல் துரும்பு. கலைத்தால் பாவம் என்று பெரியவர்கள் சொல்ல, கீழே விழும் குப்பையை வாய் பேசாமல் கூட்டினார்கள் பெண்கள். கான்கிரீட் தளமும் கண்ணாடிச் சுவரும் வந்தபின் சந்து அடைபட்டது. படங்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவரும் அவருடைய நேச்சர் ஃபாரெவர் சொசைட்டியும் இதைப் பெரிய பேச்சாக்கினார்கள். 2010 முதல் மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி தினம். சென்னையில் கூடுகள் என்ற அமைப்பு பள்ளி மாணவர்களையே பெட்டி செய்ய வைக்கிறது. செல்போன் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்று ‘2.0’ படத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பேசினார்கள். அது நிரூபணமான விஷயம் அல்ல. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது, குறைந்திருப்பது சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் என்றது. ஆக, அழிந்துபோகும் இனத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பிள்ளைகளிடம் அளக்க வேண்டாம். நம் தெருவை விட்டுப் போன பறவையைத் திரும்பக் கூப்பிடுகிறோம் என்று சொன்னால் போதும். அதுவே உண்மை, அதுவே அவர்களுக்குப் பிடிக்கும்.

பெட்டி செய்கையில் பெரியவர்கள் கவனிக்க வேண்டியது வாசலை. குருவிக்கு 32 மில்லிமீட்டர் வட்டம் போதும். ஓட்டையைத் தாராளமாக விட்டால் மைனாவும் அணிலும் பட்டா கேட்டு வந்துவிடும். வாசலுக்கும் அடித்தளத்துக்கும் இடையில் ஒரு சாண் ஆழமாவது வேண்டும். மழைத் தண்ணீர் வடிய அடியில் சிறு துளைகள் வேண்டும். கடையில் விற்கும் பெட்டிகளில் வாசலுக்குக் கீழே ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க லட்சணம், காக்கையும் பூனையும் கால் ஊன்றவும் வசதி. குருவிக்கு அது வேண்டவே வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். நம் வெயிலுக்குத் தகரமும் பிளாஸ்டிக்கும் ஆகாது, உள்ளே குஞ்சு வெந்துவிடும்.

மற்றபடி வெளிச்சுவர் முழுக்கப் பிள்ளைகளுடையது. தண்ணீரில் கரையும் வண்ணமாகவும் வெளிர் நிறமாகவும் இருக்கட்டும். கறுப்பும் கருநீலமும் வெயிலைக் குடிக்கும். பூ, மீன், ரஜினி, என்ன வேண்டுமானாலும் வரையலாம். உள்ளே மட்டும் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. வாசல் விளிம்பிலும் வேண்டாம். ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஒட்ட ஆசைப்படுவார்கள். தன் பிம்பத்தைப் போட்டிக்காரன் என்று நினைத்து ஆண் குருவி கண்ணாடியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். வாசனை போக சில நாள் காயவிட்டு மாட்டவேண்டும். ஊஞ்சலாடாமல் சுவரோடு இறுக்கி, ஆள் உயரத்துக்கு மேலே, மேற்கு வெயில் விழாத பக்கம், மின்விசிறிக்கு எட்டத்தில். நம் வீடுகளில் கூடு கட்ட வந்த குருவி கூரை மின்விசிறியில் அடிபட்டுச் சாவது சாதாரணம்.

குருவி வந்துவிட்டால் அதன்பின் எல்லாம் பிள்ளைகளின் பொறுமைக்கு வைக்கும் பரீட்சை. மூன்று முதல் ஐந்து முட்டை, பன்னிரண்டு நாள் போல அடை, பிறகு இரண்டு வாரத்தில் குஞ்சு பறந்துவிடும். திறந்து பார்க்கக்கூடாது, செல்பேசியை வாசலில் நீட்டக்கூடாது. முதல் நாட்களில் குஞ்சுக்குத் தாய் ஊட்டுவது அரிசியை அல்ல, பூச்சியை. தொட்டியில் ஒரு அவரைக்கொடி வைத்து, அதில் அசுவினி பிடித்தால் மருந்து அடிக்காமல் விடுவது, தட்டில் கொட்டும் கம்பைவிடப் பெரிய உபசாரம். பெட்டியைப் பற்றி அக்கறையாகப் பேசும் பலரும் இந்தப் பூச்சி விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பது என் குறை.

இவ்வளவுக்கும் பிறகு பறவை பெட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல் போகலாம். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020இல் ஒரு சிறு பறவை தெருவிளக்கின் சுவிட்ச் பெட்டிக்குள் முட்டையிட்டது. ஊரார் கூடிப் பேசி, குஞ்சு பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் இருந்தார்கள். யாரும் பெட்டி செய்யவில்லை, வண்ணம் பூசவில்லை.

உங்கள் வீட்டிலும் மீட்டர் பெட்டியிலோ குளிர்சாதனக் குழாய்ச் சந்திலோ கூடு தென்பட்டால் அதை முதலில் காப்பாற்றுங்கள். புதுப் பெட்டியைக் கோடைக்கு முன்பே மாட்டிவிடுங்கள். ஒரு வருஷம் காலியாகக் கிடந்தால் கழற்றி எறியாமல் வேறு சுவருக்கு மாற்றுங்கள்; குஞ்சு பறந்தபின் பழைய வைக்கோலை எடுத்துப்போட்டுத் துடைத்து வையுங்கள். இடம் பிடித்துப்போன ஜோடி, அதே வருஷத்தில் மறுபடியும் முட்டையிடும்.