சிவ நாடார்

சிவ நாடார் (பிறப்பு: 14 ஜூலை 1945) எச்.சி.எல். குழுமத்தின் நிறுவனர், இந்தியக் கணினித் தொழிலைத் தொடங்கி வைத்தவர்களுள் முதன்மையானவர். கால்குலேட்டர் விற்பனையில் தொடங்கிய இவரது தொழில் மைக்ரோ கணினி, மென்பொருள், தகவல் தொழில்நுட்பச் சேவை என்று விரிந்தது.

பிறப்பும் பள்ளிப் படிப்பும்

திருச்செந்தூருக்கு அருகிலுள்ள மூலைப்பொழி என்ற சிற்றூரில் சிவசுப்பிரமணிய நாடார், வாமசுந்தரி தேவி இணையருக்குப் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் வந்தது. தாயார் வழியில், 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் உறவினர். தமிழ்க் குடும்ப நாவல்களால் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்ற ரமணிசந்திரன் உடன்பிறந்தவர். மக்களுக்கு எது வேண்டும் என்று கணிக்கும் கலை உறவுவழி வந்தது என்று எழுத ஆசைதான். அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை.

பள்ளிப் படிப்பு ஓரிடத்தில் நிலைக்கவில்லை. கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளி, மதுரை செனாய் நகர் இளங்கோ பள்ளி, திருச்சி புனித சூசையப்பர் பள்ளி என மூன்று ஊர்களில் படித்தார். இவற்றுள் கும்பகோணம் பள்ளி 1864இல் தோன்றியது. கணித மேதை இராமானுஜன் படித்த பள்ளியும் அதுவே. இளங்கோ பள்ளியை இன்று மாநகராட்சிப் பள்ளி என்கிறோம். ஆனால் சிவ நாடார் படித்த நாளில் மதுரை நகராட்சியாகத்தான் இருந்தது. 1971இல்தான் மாநகராட்சி ஆயிற்று. திருச்சிப் பள்ளி இயேசு சபையினர் நடத்துவது. நகராட்சிப் பள்ளியின் வாங்குப்பலகையும் பாதிரியார் பள்ளியின் கண்டிப்பும் ஒருவருக்கே வாய்ப்பது அந்தத் தலைமுறையில் அரிதன்று.

கல்லூரி

புகுமுக வகுப்பை மதுரை அமெரிக்கன் கல்லூரியில் முடித்தார். அமெரிக்க மிஷனரிகள் 1881இல் பசுமலையில் தொடங்கிய இக்கல்லூரி பின்னர் கோரிப்பாளையத்துக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத்து மதுரை மாவட்டம் பழனியிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை பரந்து கிடந்தது. திண்டுக்கல்லும் தேனியும் தனி மாவட்டங்களாகப் பிரியாத காலம். போடி, சின்னமனூர், கம்பம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் மேற்படிப்புக்கு மதுரை வந்தார்கள்.

அடுத்து கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியலில் சேர்ந்தார். அந்தத் தெரிவுக்குக் காலமும் ஒரு காரணம். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. 1950களின் இறுதியில் கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்ப்பில், பெரியாற்று நீரைக் குழாய்வழி இறக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கிணறு தோறும் பம்புசெட்டு ஏறிக்கொண்டிருந்த நாட்டில் மின்பொறியாளருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 1951இல் தோன்றிய பி.எஸ்.ஜி. கல்லூரியின் தனிச்சிறப்பு, மோட்டாரும் பம்பும் செய்யும் தொழிற்கூடம் ஒன்று அதே வளாகத்தில் இயங்கியதே. படிப்பும் பட்டறையும் அங்கே அடுத்தடுத்த கட்டடங்கள்.

டி.சி.எம். காலம்

பட்டம் பெற்றபின் வால்சந்த் குழுமத்தின் கூப்பர் பொறியியல் நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்தார். அங்கிருந்து தில்லி சென்று டி.சி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். 1889இல் துணி ஆலையாகப் பிறந்த டி.சி.எம்., 1970களில் மின்னணுக் கால்குலேட்டர் தயாரிப்பிலும் இறங்கியிருந்தது. அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி முதலிய இளம் பொறியாளர்கள் அந்தப் பிரிவில்தான் இவருக்கு நண்பர்கள் ஆனார்கள். இந்தியாவின் முதல் தலைமுறைக் கணினி முதலாளிகள் பலர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வரவில்லை, விற்பனைப் பிரிவிலிருந்து வந்தவர்கள் என்பது இத்துறை வரலாற்றை எழுதுவோர் எளிதில் தாண்டிவிடும் செய்தி.

1975இல் நல்ல சம்பளத்தை விட்டு வெளியேறிய இவர்கள் 'மைக்ரோகாம்ப்' என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கால்குலேட்டர் விற்றார்கள். தொடக்க அலுவலகம், தில்லியில் மல்ஹோத்ராவின் பாட்டியார் வீட்டு மொட்டைமாடி அறை. கால்குலேட்டர் விற்பது கணினிக்குப் பணம் திரட்டும் வழி மட்டுமே.

எச்.சி.எல். தோற்றம்

1976 ஆகஸ்டில் 'இந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட்' உருவாயிற்று. போட்ட முதல் 1,87,000 ரூபாய். மல்ஹோத்ரா, சௌத்ரி ஆகியோருடன் சுபாஷ் அரோரா, டி. எஸ். பூரி, யோகேஷ் வைத்யா ஆகியோரும் உடன் தொடங்கியவர்கள். எனினும் எண்ணமும் தலைமையும் சிவ நாடாருடையவை. உத்தரப் பிரதேச அரசின் மின்னணு நிறுவனம் 26 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டது. உரிமம் இல்லாமல் ஓர் ஆணி செய்யவும் தயங்க வேண்டியிருந்த நாளில், அரசைப் பங்காளியாகச் சேர்த்ததே இவரது முதல் வணிகச் சாதுரியம்.

அடுத்த ஆண்டுகளில் காற்று இவர்கள் பக்கம் திரும்பியது. 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி, பெரும்பாலான அயல்நாட்டு நிறுவனங்கள் தம் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டியிருந்தது. பழைய 1401 வகைப் பொறிகளைப் புதுப்பித்து இந்தியாவில் வாடகைக்கு விட்டுவந்த ஐ.பி.எம்., முழு உரிமையை விட்டுக்கொடுக்கப் பிடிவாதமாக மறுத்தது. ஜனதா ஆட்சியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொழில் அமைச்சராக இருந்தபோது 1978இல் மூட்டை கட்டியது. அவ்விடம் உள்நாட்டாருக்குத் திறந்தது. அதே ஆண்டு ராக்வெல் நிறுவனத்தின் சில்லைக் கொண்டு எச்.சி.எல். உருவாக்கிய '8சி' கணினி சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் ஆப்பிள் 2 வெளிவந்து ஓராண்டே ஆகியிருந்தது.

கணினி வாங்கியவர்களுக்கு அதை இயக்க ஆள் இல்லை. அக்குறையே இன்னொரு தொழிலுக்கு விதையாயிற்று: 1981இல் ராஜேந்திர பவார், விஜய் ததானி ஆகியோர் தொடங்கிய என்.ஐ.ஐ.டி. பயிற்சி நிறுவனத்துக்கு எச்.சி.எல். முதலீடு அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூரில் 'பார் ஈஸ்ட் கம்ப்யூட்டர்ஸ்' தொடங்கியிருந்தார்கள். ராஜீவ் காந்தி அரசு 1984 நவம்பரில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் எச்.சி.எல். 'பிஸிபீ' என்னும் தனிநபர் கணினியைக் கொண்டுவந்தது.

பிற்காலம்

1991இல் ஹியூலெட் பேக்கார்டு கூட்டு, 1999இல் எச்.சி.எல். டெக்னாலஜீஸ் பங்கு வெளியீடு ஆகியன குறிப்பிடத்தக்கவை. தந்தை பெயரால் சென்னையை அடுத்த காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியை 1996இல் நிறுவினார். 2008இல் பத்மபூஷண் விருது பெற்றார். 2020 ஜூலையில் எச்.சி.எல். டெக்னாலஜீஸ் தலைவர் பதவி மகள் ரோஷ்ணி நாடார் மல்ஹோத்ராவிடம் சென்றது. மதுரை இலந்தைக்குளத்தில் இந்நிறுவனத்துக்கு வளாகம் உண்டு.