படுதா நிழல்

நிழலின் அருமை வெயிலில் போனால்தான் தெரியும் என்பார்கள். பழமொழி உண்மைதான். அந்த நிழலைக் கொடுத்தது யார், அதைப் பறித்துக்கொள்ளும் உரிமை யார் கையில் இருந்தது என்பதும் வெயிலில் நின்றவனுக்கே தெரியும். மரத்தின் நிழலுக்கு இந்தக் கேள்வி இல்லை. மனிதன் துணியை விரித்து உண்டாக்கும் நிழலுக்கு உண்டு. துணி என்றால் கயிறு உண்டு. கயிறு என்றால் அதைப் பிடிக்கும் கையும் உண்டு. அந்தக் கையின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அது ரோமாபுரியின் அரங்கங்களில் தொடங்கி, அமெரிக்காவில் ஊர் ஊராக ஓடும் வீட்டு வண்டியின் வாசலில் வந்து நிற்கிறது.

ரோமாபுரியில் நாடக அரங்கின்மேல் முதன்முதலாகப் படுதா விரித்தவன் குவின்டஸ் கட்டுலஸ் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 69-ல், தீயில் அழிந்து மறுபடி கட்டப்பட்ட காப்பிடோல் கோயிலை அர்ப்பணம் செய்தபோது அவன் இந்தப் புதுமையைச் செய்தான். அடுத்து வந்த லென்டுலஸ் ஸ்பின்தர் என்பவன், சாதாரணச் சணல் நார்த் துணி போதாதென்று 'கார்பஸஸ்' என்ற மெல்லிய துணியைக் கட்டினான். இந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது நிமிர வேண்டும். பருத்தியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லான 'கார்ப்பாஸ'த்திலிருந்து கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போன சொல் இது என்று மொழியறிஞர் கூறுகிறார்கள். ரோமானியர் அதை மெல்லிய நார்த் துணிக்கும் வழங்கினார்கள். துணி எந்த ஊரில் நெய்ததாயினும், பெயர் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து போனதுதான்.

பிறகு வந்தான் ஜூலியஸ் ஸீஸர். அவன் எதையும் அளவாகச் செய்பவன் அல்லன். நகரத்தின் நடுமன்றமாகிய ஃபோரம் முழுவதையும், தன் வீட்டிலிருந்து காப்பிடோல் குன்றின் ஏற்றம் வரை செல்லும் புனித வீதியையும் படுதாவால் மூடிவிட்டான். கீழே நடந்த வாட்போரைவிட மேலே விரிந்திருந்த படுதாதான் ஜனங்களுக்குப் பெரிய அதிசயமாக இருந்ததாம். கி.மு. 46-ல் அவன் நடத்திய கேளிக்கைகளில் கட்டிய படுதா பட்டுத் துணியால் ஆனது என்று சிலர் சொன்னதாக டியோ காஸியஸ் எழுதுகிறார். அந்த ஆடம்பரத்தைக் கண்ட படைவீரர்கள் கலகம் செய்தார்கள். பணம் பாழாகிறதே என்ற கவலை அவர்களுக்கு இல்லை; அந்தப் பணம் தங்கள் கைக்கு வரவில்லையே என்ற கோபம்! ஸீஸர் தானே பாய்ந்து ஒருவனைக் கையும் மெய்யுமாகப் பிடித்துத் தண்டனைக்கு ஒப்படைத்த பிறகுதான் கலகம் அடங்கியது.

படுதாவின் வரலாற்றில் எனக்குப் பிடித்த பெயர் ஒன்று உண்டு. அது ஸீஸரின் பெயரல்ல. மார்ஸெல்லஸ் என்ற இளைஞனுடைய பெயர். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் சகோதரி மகன் அவன். கி.மு. 23-ல் நகர அதிகாரியாக இருந்தபோது, விளையாட்டும் விழாவும் இல்லாத நாட்களிலேயே ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து ஃபோரத்தின்மேல் படுதா கட்டச் செய்தான். எதற்காக? வழக்காட வந்து வெயிலில் காத்துக் கிடக்கும் ஜனங்களின் உடம்பு கெடாமல் இருப்பதற்காக. இதை எழுதும் பிளினி, ஒரு பெருமூச்சோடு பழைய நாளை நினைத்துக்கொள்கிறார். வழக்காடிகள் அங்கே காலே வைக்கக் கூடாது என்று, ஃபோரத்தின் தரையில் கூரான கற்களைப் பதிக்க வேண்டுமென்றாராம் முற்காலத்துக் கேட்டோ! ஒருவர் காலுக்குக் கல் பதிக்கச் சொன்னார். ஒருவன் தலைக்கு நிழல் கட்டினான். மார்ஸெல்லஸ் அந்த ஆண்டிலேயே இளம் வயதில் இறந்துபோனான். அவனைப் போல வேடிக்கைக்கல்லாமல் வேலைக்கு நிழல் கட்டியவர்கள் அரசர்களில் அதிகம் பேர் இல்லை.

படுதாவின் அழகைக் கண்டவர்களும் இருந்தார்கள். அரங்கத்தின்மேல் கட்டிய மஞ்சளும் சிவப்பும் செம்பழுப்புமான துணிகளின் வழியே வெயில் இறங்கி, கீழே இருப்பவர்களின் முகத்திலும் உடையிலும் அந்த நிறங்களைப் பூசுவதை லுக்ரீஷியஸ் தம் காவியத்தில் சொல்லியிருக்கிறார். காற்றில் படுதா படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓசையை அவர் இடியோசைக்கு உவமையாக்கியதும் உண்டு. காற்றுதான் படுதாவின் பெரும் பகை. பாம்ப்பேயின் நாடக அரங்கில் காற்றடித்தால் படுதா கட்டமாட்டார்கள். அதனால் தொப்பியோடு வா என்ற கருத்தில் மார்ஷியல் ஒரு சிறு கவிதை எழுதியிருக்கிறார். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்ப்பி நகரத்தின் சுவர்களில், வாட்போர் விளம்பரங்களோடு "படுதா உண்டு" என்ற அறிவிப்பும் காணப்படுகிறது. நம் ஊர்க் கொட்டகைகளில் மின்விசிறி உண்டு என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்தார்களே, அதைப் போலத்தான்.

கி.பி. 80-ல் டைட்டஸ் திறந்துவைத்த கொலோசியத்தின் உச்சியில் 240 கல் தாங்கிகள் இருந்தன. அவற்றில் மரத்தூண்களை நட்டு, கயிறுகளைக் கட்டிப் படுதாவை இழுத்தார்கள். அவ்வளவு பெரிய பாயை இழுக்க யாரால் முடியும்? பாய்மரக் கப்பலில் பழகிய கைகளால்தான் முடியும். ஆகவே மிஸேனம் துறைமுகத்துக் கடற்படையிலிருந்து மாலுமிகளைக் கொண்டுவந்து, அரங்கத்தின் அருகிலேயே குடிவைத்தார்கள்.

கயிறு அவர்கள் கையில். கட்டளை சக்கரவர்த்தியின் வாயில். கடும் வெயில் நாட்களில் சில சமயம் காலிகுலா திடீரென்று படுதாவை விலக்கச் சொல்லி, ஒருவரும் எழுந்து போகக் கூடாது என்றும் உத்தரவிடுவானாம். இதைச் சொல்பவர் சூடோனியஸ். காமோடஸ் இன்னும் ஒரு படி மேலே போனான். ஜனங்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, படுதா இழுக்கும் அந்த மாலுமிகளைக் கொண்டே அவர்களைக் கொன்றுவிடும்படி ஆணையிட்டான் என்று ஒரு பழைய சரித்திர நூல் கூறுகிறது. நிழல் விரித்த கையே வாளையும் எடுக்கலாம். இலவசமாகக் கிடைத்த நிழலுக்கு ரோமானிய ஜனங்கள் கொடுத்த விலை இதுதான். தலைக்குமேல் என்ன இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இனி, கடலைத் தாண்டுவோம். 1607-ல் ஆங்கிலேயர் சிலர் வர்ஜீனியாக் கரையில் இறங்கி ஜேம்ஸ்டவுன் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். அவர்களுடைய முதல் வழிபாட்டுக் கூடம் எப்படி இருந்தது என்பதை ஜான் ஸ்மித் 1631-ல் வெளியான நூலில் சொல்கிறார். பழைய கப்பற்பாய் ஒன்றை மூன்று நான்கு மரங்களில் கட்டினார்களாம், அதுதான் கூரை. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் சக்கரவர்த்தியின் கட்டளைக்குக் காத்திராமல் தாங்களே கட்டிக்கொண்ட முதல் நிழல்களில் ஒன்று, பழைய பாய்!

பிறகு அந்தப் பாய் வண்டியேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரிகன் பாதை வழியே மேற்கே போனவர்கள், வளைந்த மரச் சட்டங்களின்மேல் கித்தானைப் போர்த்து, அதற்கு ஆளிவிதை எண்ணெய் பூசி மழைக்கும் வெயிலுக்கும் காப்புச் செய்துகொண்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளியில் பாய்க்கப்பல்கள் போவதுபோல் இருந்ததால், அந்த வண்டிகளுக்குப் 'புல்வெளிக் கப்பல்' என்றே பெயர் வந்தது. வழியில் கித்தான் கிழிந்தால் தைக்க ஆள் தேட முடியாது. வண்டிக்காரனும் அவன் மனைவியுமே ஊசியை எடுத்தாக வேண்டும்.

மோட்டார் வந்த பிறகு வீடே வண்டியாயிற்று. 1910-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் கண்காட்சியில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியார், பின் ஆசனம் படுக்கையாக விரியும் மோட்டார் வண்டி ஒன்றை வைத்தார்கள். அது செல்வர்களின் விளையாட்டு. ஆனால் 1919-ல் புளோரிடாவின் டாம்பா நகரில் 'தகர டப்பா யாத்திரிகர்கள்' என்று ஒரு சங்கம் தோன்றியது. இவர்கள் சாதாரண மனிதர்கள். மோட்டாரின் பக்கத்தில் கித்தானைக் கட்டி, இரண்டு கம்புகளை நட்டு, அந்த நிழலில் அடுப்பை மூட்டினார்கள். 1936-ல் வாலி பயம் என்பவர் அலுமினியத் தகட்டால் ஆன 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' வண்டியைச் செய்தார். 1959-ல் அத்தகைய வண்டிகளின் அணியொன்றைக் கேப்டவுனிலிருந்து கெய்ரோவை நோக்கி நடத்திச் சென்றவரும் அவரே.

வண்டி அலுமினியமானாலும் வாசல் நிழல் பருத்திக் கித்தானாகவே வெகுநாள் இருந்தது. பருத்திக்கு ஈரம் ஆகாது. பூஞ்சணம் பூத்து, நூல் இற்றுப்போகும். 1961-ல் வட கரோலினாவிலுள்ள கிளென் ராவன் ஆலையார் 'சன்பிரெல்லா' என்ற அக்ரிலிக் துணியைக் கொண்டுவந்தார்கள். இழையை நூற்றபின் சாயம் தோய்ப்பது பழைய வழக்கம். இதிலோ இழை உருவாகும் குழம்பிலேயே சாயம் கலந்துவிடுகிறது. செவ்வாழைக்குச் சிவப்பு தோலோடு சரி. மஞ்சள் கிழங்கை எங்கே ஒடித்தாலும் மஞ்சள்தான். அக்ரிலிக் துணியின் நிறம் மஞ்சள் கிழங்கின் நிறம் மாதிரி. வெயில் அதை எளிதில் வெளுக்க முடியாது. இதோடு வினைல் பூசிய படுதாவும் புழக்கத்துக்கு வந்தது. வினைல் நீரை விடாது; அக்ரிலிக் காற்றை விடும். இரண்டில் எது நல்லது என்று வண்டிக்காரர்கள் விவாதிக்கத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும்.

எந்தத் துணியும் நிரந்தரம் அல்ல. அரிஸோனாவில் ஒரு முகாமில், வயது முதிர்ந்த தம்பதி தங்கள் வண்டியின் படுதாவை மாற்றியபோது நானும் ஏணி பிடித்தேன். கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். "கை இருக்கும்போது கடை எதற்கு?" என்றார் அந்தப் பெரியவர்.

வேலையின் சூட்சுமம் இது. படுதாவின் ஒரு விளிம்பு வண்டிச் சுவரிலுள்ள தண்டவாளக் காடியில் செருகியிருக்கிறது. மறு விளிம்பு ஒரு நீண்ட உருளையின் காடியில். இரு விளிம்பிலும் துணிக்குள் கயிறு வைத்துத் தைத்திருப்பதால் அது காடியை விட்டு வெளியே வராது. உருளையின் முனைகளில் முறுக்கிய சுருள்வில்கள் இருக்கின்றன. படுதாவைச் சுருட்டுவது அந்த வில்லின் வலிமை. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பூட்டாமல் கழற்றினால் முனை சுழன்று விரலை முறித்துவிடும். ஆகவே முதலில் வில்லின் துளையில் ஊசியைச் செருகிப் பூட்டினார்கள். பிறகு தண்டவாளத்தில் படுதாவைப் பிடித்திருந்த திருகாணிகளை எடுத்து, கைச்சட்டங்களிலிருந்து உருளையை விடுவித்து, துணியோடு பக்கவாட்டில் உருவி இறக்கினார்கள். வில்லை இடுக்கியால் இறுகப் பிடித்து மெல்லத் தளர்த்தும்போது, எத்தனை சுற்று என்று அந்த அம்மாள் உரக்க எண்ணி ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். மறுபடி அத்தனை சுற்று முறுக்கியாக வேண்டும் அல்லவா?

முனை மூடிகளைக் கழற்றி, இற்றுப்போன துணியை உருவி எறிந்தார்கள். காடியைத் துடைத்து, பிசிறை அரத்தால் ராவி, சிலிகோன் எண்ணெய் தெளித்தார்கள். இல்லாவிட்டால் புதுத்துணி பாதியில் சிக்கிக் கிழியும். புதுத்துணியை உருளையில் நடுவாக அமைத்துச் சுருட்டினார்கள். ஒருவர் சுமக்க, ஒருவர் ஏணிமேல் நின்று விளிம்பைக் காடியில் ஊட்ட, மூன்றாம் ஆள் மறுமுனையிலிருந்து இழுக்க, மெல்ல மெல்ல ஏறியது. இழுத்தது நான். உருளை கைச்சட்டங்களில் ஏறி, வில் முறுக்கேறி, திருகாணி இறுகிய பிறகு பெரியவர் படுதாவைத் திறந்து மூடிப் பார்த்தார். கோணாமல் சுருண்டது. மழை வந்தால் ஒரு முனையைத் தாழ்த்தி நீரை வடிய விட வேண்டும், ஈரத்தோடு சுருட்டினால் வெயில் கண்டதும் விரித்து உலர்த்த வேண்டும், காற்று கிளம்பினால் உடனே சுருட்டிவிட வேண்டும் என்று எனக்கும் பாடம் சொன்னார். காற்றைப் பற்றிய பாடத்தை மார்ஷியலும் அறிந்திருந்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுடைய படுதா ஒரு நாற்காலிக்கும் மேஜைக்கும் போதுமான நிழல்தான். ஸீஸர் ஃபோரத்தையே மூடினான். ஆனால் அவன் விரித்த நிழலில் உட்கார்ந்தவர்கள், நாளைக்கும் அது இருக்குமா என்று அறியமாட்டார்கள். அதை இழுத்தவர்களின் பெயரையும் வரலாறு நமக்குச் சொல்லவில்லை. இந்த நிழலிலோ, இழுத்தவர்களும் உட்கார்ந்தவர்களும் ஒருவரே. விரிப்பதும் சுருட்டுவதும் அவர்கள் இஷ்டம். பழுதானால் பார்த்துக்கொள்ளவும் அவர்களுக்குத் தெரியும்.

மார்ஸெல்லஸ் போன்ற நல்லவர்கள் எப்போதாவது வருகிறார்கள், அவர்களை வாழ்த்துவோம். ஆனால் அவன் அந்த ஆண்டு முடிவதற்குள் போய்விட்டான். நிழலுக்கு அவனை மட்டும் நம்பியிருந்தவர்கள், அடுத்த வெயிலில் என்ன செய்திருப்பார்கள்?