கூரையைக் காணாத பாலிசி: மட்டாஞ்சேரி ஓட்டு வீடுகளும் வீட்டுக்காப்பின் அளவுகோலும்

கூரை எவ்வளவு உறுதியோ அந்த அளவுக்குப் பிரீமியம் குறைய வேண்டும் என்ற வாதம், கடலோர வீட்டுக்காப்பு பற்றிய எழுத்துகளில் ஏறத்தாழ முடிந்த முடிவாகிவிட்டது. அதன் ஊற்று அமெரிக்கா. டெக்சாஸில் ஆலங்கட்டி மழைக்கு ஈடுகொடுக்கும் கூரைத் தகடுகளுக்கு 1990களின் இறுதியிலிருந்தே பிரீமியத் தள்ளுபடி உண்டு. அதற்கு அடிப்படையான சோதனை யுஎல் 2218. நான்காம் வகுப்புச் சான்று பெற வேண்டுமானால், 2 அங்குல விட்டமுள்ள எஃகுக் குண்டை 20 அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போட்டாலும் தகட்டில் விரிசல் காணக் கூடாது. இந்தச் சூத்திரத்தில் ஆலங்கட்டியை எடுத்துவிட்டுப் புயலை வைத்தால் கேரளக் கரைக்கும் பொருந்தும் என்பது அந்த வாதப் போக்கின் நம்பிக்கை. பொருந்தாது என்பதே என் கருத்து. கொச்சியின் வானிலை வேறு என்பது அதற்குச் சிறிய காரணம். பெரிய காரணம் பாலிசியின் வாசகத்திலேயே இருக்கிறது.

வானிலையை விரைவாகக் கடந்துவிடலாம். கொச்சிக் கரையில் ஆலங்கட்டி அரிது. மேகத்தில் கட்டியாகப் புறப்படுவது, கீழே உள்ள வெப்பக்காற்றில் உருகி வெறும் துளியாக வந்து சேர்கிறது. வயநாடு போன்ற மேட்டு நிலங்களில் கோடைமழையோடு விழுவதுண்டு. மலையாளத்தில் அதற்கு ஆலிப்பழம் என்று பெயர். சங்கப் பாடல்களின் ஆலிதான் அங்கே பழமாகியிருக்கிறது. வட இந்தியாவின் கதை வேறு: 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத்தில் ஆலங்கட்டிக்குப் பலியானோர் 246 பேர். கொச்சியின் பழைய பகுதியான மட்டாஞ்சேரியில் கூரையின்மேல் வந்து விழுவன தேங்காயும் காய்ந்த மட்டையும் முறிந்த மாங்கிளையும்தான்.

இனி வாசகத்துக்கு வருவோம். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் விற்கக் கடமைப்பட்ட ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற நிலைப்படுத்தப்பட்ட பாலிசியே இங்கு என் மூலம். அதைச் சட்ட ஆவணமாகப் பலர் படித்திருக்கிறார்கள். ஒரு வீட்டை எப்படிக் கற்பனை செய்கிறது என்று பார்க்க அதைப் படித்தவர்கள் குறைவு.

ஆபத்துப் பட்டியலில் புயல், சூறாவளி, வெள்ளம் எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன. ஆலங்கட்டிக்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் மோதலால் விளையும் சேதம் என்றொரு தலைப்பு இருக்கிறது. எந்தப் புறப்பொருள் மோதினாலும் சேதம் சேதமே என்பது அதன் கருத்து. எடுத்துக்காட்டாக வாகனம், விழும் மரம், விமானம், சுவர் ஆகியன வருகின்றன. தென்னையே சாய்ந்தால் ஈடு உண்டு, அதிலிருந்து காய் மட்டும் விழுந்தால் இல்லை என்று வாசிக்க இடமில்லை என நினைக்கிறேன். ஆக, அமெரிக்க விவாதத்தின் மையமான ‘அடி’ இந்தப் பாலிசிக்குள் ஏற்கனவே தாராளமாக இடம்பெற்றுவிட்டது. அடியைத் தாங்கும் கூரைக்குச் சலுகை தர மட்டும் அதில் வழி இல்லை. ஏன் இல்லை?

விடை, காப்புத்தொகையைக் கணக்கிடும் விதியில் ஒளிந்திருக்கிறது. வீட்டின் கட்டுமானச் செலவு என்பது கார்பெட் ஏரியாவைச் சதுர மீட்டர் விகிதத்தால் பெருக்கி வரும் தொகை. கார்பெட் ஏரியாவுக்கு வரையறை தெளிவாகத் தரப்பட்டிருக்கிறது: புழங்கத்தக்க தரைப்பரப்பு, உள்தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர்களின் கனம் சேராது, திண்ணை, பால்கனி, மொட்டைமாடி போன்றவற்றில் கால் பங்கு மட்டும் சேரும். அடுக்குமாடிக் குடியிருப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரையறை இது. அங்கே ஒருவர் கூரை இன்னொருவர் தரை. தரையை அளந்தால் கூரையையும் அளந்ததாகிவிடும்.

மட்டாஞ்சேரியில் அப்படியல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளியளவு 10 மீட்டருக்கு 8 மீட்டர் உள்ள ஒற்றைத்தள வெட்டுக்கல் வீடு. சுவர்க் கனம் 45 சென்டிமீட்டர். உள்ளே எஞ்சும் தரை 64.6 சதுர மீட்டர். அதே வீட்டுக்கு நாற்புறமும் 75 சென்டிமீட்டர் இறவாரம் நீட்டி, 35 பாகைச் சரிவில் ஓடு வேய்ந்தால் கூரைப்பரப்பு ஏறத்தாழ 133 சதுர மீட்டர். பாலிசி அளப்பதைப் போல இரு மடங்குக்கும் மேல். இறவாரம் இல்லாவிட்டால் தென்மேற்குப் பருவமழை சுவரை அறுத்துவிடும். சரிவு இல்லாவிட்டால் ஓட்டின் பூட்டுக்குள் தண்ணீர் ஏறும். வீட்டைக் காப்பவை எவையோ அவைதாம் அளவுக்கு வெளியே நிற்கின்றன.

மாடி இருந்தால் இந்த வேறுபாடு கரைந்துவிடும் என்பது உண்மை. இரண்டு தளங்களின் தரையும் ஒரே கூரையும் ஏறத்தாழச் சமமாகும். மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் மாடிக் கட்டடங்களும் கணிசம். என் கணக்கு உட்சந்துகளின் ஒற்றைத்தள வீடுகளுக்கே முழுமையாகப் பொருந்தும். சதுர மீட்டர் விகிதத்தை உரிமையாளரே அறிவிக்கலாமே, கூரைச் செலவை அதில் ஏற்றிக்கொள்ளலாமே என்பது இதைவிட வலுவான தடை. ஏற்றலாம்தான். ஆனால் விண்ணப்பம் நிரப்புகிறவர் எழுதுவது அக்கம்பக்கத்தில் ஒப்பந்தக்காரர் சொல்லும் விகிதத்தை. அது கான்கிரீட் விகிதம். தேக்குக் கைமரத்துக்கும் ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பருக்கும் முகட்டு ஓட்டுக்கும் யாரும் சதுர மீட்டரில் விலை சொல்வதில்லை.

காப்புத்தொகை உண்மை மதிப்பைவிடக் குறைந்தால் ஈட்டையும் குறைக்கும் குறைக்காப்புக் கழிவைப் பாலிசி விட்டுக்கொடுக்கிறது, ஆகவே கூரை மட்டும் சேதமானால் காப்புத்தொகை வரை முழுச் செலவும் கிடைக்கும் என்று சொல்வார்கள். சரிதான், அந்த அளவில் உரிமையாளருக்கு நட்டமில்லை. இந்தத் தாராளம் என் வாதத்துக்கே துணை போகிறது. கூரை பெரிதோ சிறிதோ, உறுதியோ நொய்ந்ததோ, ஈடு ஒன்றே, பிரீமியமும் ஒன்றே என்றால் கூரை கணக்கிலேயே வரவில்லை என்றுதானே பொருள்?

கூரை முற்றிலும் மறைந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. ஓர் இடத்தில் எட்டிப்பார்க்கிறது: ‘கச்சா கட்டுமானம்’ என்ற வரையறையில். பலகை, ஓலை, வைக்கோல், மூங்கில், பிளாஸ்டிக் துணி, தார்ப்பாய் போன்றவற்றாலான சுவரோ கூரையோ கச்சா, மற்றவை பக்கா. இந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும். இவை ஒழுகும் பொருள்களின் பட்டியல் அல்ல, பறக்கும் பொருள்களின் பட்டியலும் அல்ல. எரியும் பொருள்களின் பட்டியல். 2007 ஜனவரியில் கட்டண விகிதக் கட்டுப்பாடு நீங்கும் வரை வழக்கிலிருந்த தீக்காப்பு விகிதப் புத்தகத்தின் வாரிசு இது. கூரையை அந்த மரபு அறிந்தது விறகாக மட்டுமே.

கொச்சிக்கு இந்தப் பார்வை அந்நியமன்று. 1889 ஜனவரி 4 அன்று ‘சந்திரபானு’ என்ற கப்பலில் பற்றிய நெருப்பு கோட்டைக் கொச்சிக் கரைக்குத் தாவி நூற்றுக்கணக்கான வீடுகளை எரித்தது. அதன் நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரையெங்கும் பரவிய காலமும் அதுவே. ஓலையிலிருந்து ஓட்டுக்கு மாறுவது தீயிலிருந்து தப்புவது என்ற சமன்பாடு அன்று நியாயமானது. இன்று அது ஒரு வேடிக்கையான முடிவுக்கும் இட்டுச் செல்கிறது. ஒழுகும் ஓட்டுக்கு மேல் மழைக்காலம் முடியும் வரை நீலத் தார்ப்பாய் போர்த்துவது மட்டாஞ்சேரியில் சாதாரணம். சொல்லுக்குச் சொல் வாசித்தால் அந்த வீடு ஜூனில் கச்சா, டிசம்பரில் பக்கா. எந்த சர்வேயரும் அப்படி வாசிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அப்படியானால் அடிதாங்கும் கூரையை ஊக்குவிக்க ஒரு புதிய விதி சேர்த்தால் ஆகாதா? ஆகாது, தவறான குணத்துக்குப் பரிசு தருவதாக முடியும். மங்களூர் ஓட்டுக்கான இந்தியத் தரம், ஐஎஸ் 654, கேட்பது முறியும் சுமை, நீர் உறிஞ்சல், நீர்க்கசிவு ஆகியவற்றை. குண்டு போட்டுப் பார்க்கச் சொல்வதில்லை. ஓடு உடையும் என்பது அதைச் செய்தவர்களுக்கும் வேய்ந்தவர்களுக்கும் தெரியும். ஒரு தேங்காய் விழுந்தால் இரண்டு ஓடு போகும். கீழே நிற்பவருக்குச் சட்டென்று ஒரு வெளிச்சச் சதுரம் தெரியும். ஏணி வைத்து ஏறி, மேல் வரிசையைச் சற்றுத் தூக்கி, புது ஓட்டின் காதை ரீப்பரில் மாட்டிவிட்டு இறங்க அரைமணி நேரம். பக்கத்து ஓட்டுக்கு அந்தச் சேதி போவதே இல்லை.

உலோகத் தகடு இதற்கு நேர் எதிர். தேங்காய் விழுந்தால் நெளியும், உடையாது; குண்டுச் சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கும். அமெரிக்காவிலேயே இந்த நெளிவை ‘அழகுக் குறை’ என்று ஒதுக்கி, தள்ளுபடி தந்த கையோடு ஈட்டை மறுக்கும் விதிகள் வந்துவிட்டன. கொச்சியில் கவலை அதுவன்று, காற்று. ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி கொச்சிக்குத் தரும் அடிப்படைக் காற்றுவேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ எடைக்குச் சமம். உயரம், சரிவு முதலிய திருத்தங்களால் இது கூடும், குறையும். அரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 4 கிலோதான். வேய்ந்த ஓடு சுமார் 40 கிலோ. ஓட்டுக்கு இடையிலுள்ள சந்துகள் உள்ளழுத்தத்தை ஓரளவு வெளியேவிடும். பறந்தால் இறவாரத்து வரிசை பறக்கும். தகட்டின் உயிர் திருகாணியில். கடற்காற்றில் அது துருப்பிடித்தால் ஒரு பத்தியே பெயர்ந்து அடுத்த வீட்டு முற்றத்துக்குப் போகும். அடிதாங்குவதற்குத் தள்ளுபடி கொடுத்தால் மக்கள் ஓட்டைப் பிரித்துத் தகடு போடுவார்கள். இந்தியாவில் வீட்டுக்காப்புப் பிரீமியமே சிறிய தொகை. அதில் பத்து சதவீதம் யாரைக் கூரை மாற்றத் தூண்டும் என்று கேட்கலாம். தூண்டாவிட்டால் அந்த விதியே வீண்.

கேட்க வேண்டியவை வேறு: கூரைச் சரிவின் பரப்பு, இறவாரத்து வரிசை கம்பியால் கட்டப்பட்டிருக்கிறதா, ரீப்பர் கடைசியாக மாற்றப்பட்ட ஆண்டு. கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் பாலிசி ஈடு தருவது பெயர் சொன்ன ஆபத்துகளுக்கு. ரீப்பர் உளுத்து ஓடு சரிந்தால் அது ஆபத்து அன்று, முதுமை. மழைநாளில் இரண்டும் ஒன்றாகவே நிகழும். சர்வேயர் மறுநாள் வந்து பார்க்கும்போது எது முந்தியது என்று சொல்ல உடைந்த ஓட்டால் முடியாது.

பஜார் ரோட்டின் கட்டடங்களில் இன்னொரு சிக்கல். கீழே மிளகு, சுக்குக் குடோன், மேலே குடும்பம். மேல்வீடு கிருஹ ரக்ஷாவில் வரும்; கீழ்க்கடை, ஓரிடத்துச் சொத்து மதிப்பு 5 கோடி ரூபாய் வரை இருந்தால், ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’வில் வரும். கூரை ஒன்று, பாலிசி இரண்டு. மேலே ஓடு நழுவி மரத்தளம் வழியாகச் சுக்கு மூட்டை நனைந்தால், சரக்குக்குக் கடைப் பாலிசி கைகொடுக்கலாம். சரக்கைக் காக்கும் கூரையோ மேல்வீட்டின் தரையளவால் மதிப்பிடப்பட்டிருக்கும். இதைத் தனியே ஆராய வேண்டும், இங்கே விரிக்கவில்லை.

உட்சந்துகளின் ஓட்டு வீடுகளுக்குப் பின்புறம் போனால் கிணற்றுச் சுவரோரம் இருபதோ முப்பதோ பழைய ஓடுகள் சாய்த்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். பாசி பிடித்து, தொழிற்சாலை முத்திரை பாதி தேய்ந்து. அந்த அச்சு அளவில் இன்று ஓடு கிடைப்பது அரிது என்பதால் இடிந்த வீடுகளிலிருந்து வாங்கிச் சேர்த்தவை. அடுத்த தேங்காய்க்கு அந்த வீட்டின் முன்னேற்பாடு அதுதான். அதைக் காப்புத்தொகையில் எங்கே சேர்ப்பது என்று பாலிசியை மீண்டும் புரட்டினேன். அது தரைப்பரப்பு அல்ல. பொருத்தப்பட்ட சாதனமும் அல்ல. வீட்டுப் பொருள் என்று எழுதினால், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே போய் நிற்கிறது.