வைகை கடலில் சேரும் இடத்தில் தண்ணீரை ஏன் சோதிக்க வேண்டும்? மீன் பிழைக்குமா என்று சொல்லும் 5 அளவுகள்

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பகுதியில் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. காரணம், மீனவர்கள் ‘பூங்கோரை’ என்று சொல்லும் நாக்டிலூகா நுண்ணுயிரி. இது பெருகி அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் காலியாகும். பச்சை நிறம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆனா ஆக்சிஜன் குறைவது, அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தில் இந்த அளவீடு இன்னும் முக்கியம்.

அங்கே என்ன ஸ்பெஷல்?

வருசநாடு மலையில் பிறக்கும் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்புகிறது. மிச்சத் தண்ணீர்தான் ஆற்றங்கரை கிராமத்துக்கு அருகே பாக் விரிகுடாவில் சேரும். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நீர் வந்தால் அங்கே உப்பு குறையும். கோடையில் நீர் ஆவியாகி, உப்பு கடலைவிடக் கூடவும் செய்யலாம். இடம் ஒன்றுதான், மாசத்துக்கு மாசம் தண்ணீர் வேறு.

எதையெல்லாம் அளப்பார்கள்?

* உப்புத்தன்மை: திறந்த கடலில் ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு. ஆற்று நீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை இது காட்டும்.
* வெப்பநிலை: சூடு ஏற ஏற, தண்ணீரில் ஆக்சிஜன் தங்காது.
* கரைந்த ஆக்சிஜன்: 30 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவுக்குத்தான் இயல்பாகப் பிடித்துவைக்கும். 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு ஆபத்து.
* பிஹெச்: கடல் நீரில் சுமார் 8. திடீரென மாறினால் கழிவு கலந்திருக்கலாம்.
* நைட்ரேட், பாஸ்பேட்: வயல் உரம், சாக்கடை வழியாக வருபவை. அதிகமானால் பாசி பெருகும்.

எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும்?

இங்கேதான் விஷயமே இருக்கு. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். ராத்திரி பாசி, மீன் எல்லாமே ஆக்சிஜனை உள்ளே இழுக்கும். அதனால் விடியற்காலையில்தான் அளவு ரொம்பக் குறைவு. மதியம் மட்டும் சோதித்தால் ‘எல்லாம் ஓகே’ என்றுதான் தெரியும்.

ஆழமும் முக்கியம். ஆற்று நீர் லேசானது, மேலே மிதக்கும். உப்பு நீர் கனமானது, அடியில் தங்கும். மேல் தண்ணீர் நன்றாக இருக்கும்போதே அடியில் ஆக்சிஜன் தீர்ந்திருக்கலாம். நண்டும் சிப்பியும் வாழ்வது அந்த அடியில்தான்.

மாதிரியை அப்படியே பாட்டிலில் லேபுக்குக் கொண்டுபோனாலும் அளவு மாறிவிடும். அதனால் படகிலேயே மாங்கனீசு சல்பேட் உள்ளிட்ட ரசாயனங்களைச் சேர்த்து ஆக்சிஜனை ‘கட்டிப்போட்டு’விடுவார்கள். அல்லது கருவியை நேரடியாகத் தண்ணீரில் இறக்கி அளப்பார்கள்.

ரிப்போர்ட் வந்தால் என்ன கேட்கணும்?

‘தண்ணீர் தரமாக உள்ளது’ என்று வந்தால் மூன்று கேள்விகள் போதும்: எந்த மாசம் எடுத்தது? எத்தனை மணிக்கு? எவ்வளவு ஆழத்தில்? இவை இல்லாத எண்ணை நம்பி மீனவர்கள் எந்த முடிவும் எடுக்க முடியாது.